ரேடியோ ஓட்டிய தண்ணீர் லாரி

என் அக்கா வீட்டுக்காரரை பஸ் டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் உள்ளே நுழையும்போதே பேச ஆரம்பிப்பார். வேலை முடிந்து வண்டியை நிறுத்திச் சாவியைக் கொடுக்கும்போதுதான் வாய் ஓயும். அவர் இருக்கைக்கு மேலே, 'ஓட்டுநரிடம் பேசக் கூடாது' என்று எழுதியிருக்கும். "நம்மகிட்டதான் பேசக் கூடாது மாப்பிள்ளை. நாம பேசலாம்" என்பார் என்னிடம். அதே டிப்போவில் நான் மெக்கானிக்.

சண்டை மூண்டபோது, கனரக வண்டி உரிமம் வைத்திருந்தவர்களுக்குத்தான் முதலில் உத்தரவு வந்தது. மாமா போனபோது குழந்தைக்கு எட்டு மாதம். இரண்டு பல் முளைத்திருந்தது. தண்ணீர் லாரி ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதினார். சுடுகிறவனுக்கும் தாகம் எடுக்கும், அதனால் தன் வேலை நிரந்தரம் என்று கேலி வேறு. அவர் பேச்சு மாதிரியே கடிதமும் ஐந்தாறு பக்கம் ஓடும்.

ஒரு வருடம் கழித்து வந்த கடிதம் நாலே வரி. ஷெல் வெடித்தது, தாடையில் காயம், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பயப்பட வேண்டாம்.

"இவரு நாலு வரியில முடிச்சிருக்காருன்னா காயம் சின்னது இல்லடா" என்றாள் அக்கா.

அவள் நினைத்தது சரிதான். கீழ்த்தாடை நொறுங்கியிருந்தது. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, கம்பி போட்டுக் கட்டி, மூன்று ஆபரேஷன். ஏழு மாதம் சாப்பாடெல்லாம் குழாய் வழியாகத்தான்.

வீடு திரும்பியபோது பாதி முகம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்று குழந்தையைப் பார்த்துக் கையை நீட்டினார். அது அக்காவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கூப்பிட்டுப் பார்த்தார். உதடு ஒட்டாததால் 'ப'வும் வரவில்லை, 'ம'வும் வரவில்லை. 'பாப்பா' என்று அவர் சொன்னது வெறும் காற்றாக வந்தது. அவ்வளவு பேசிய மனிதர் அதற்குப் பிறகு ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. வேண்டியதைச் சீட்டில் எழுதிக் காட்டுவார்.

அக்காதான் விடவில்லை. டாக்டர் ஒரு பயிற்சி சொல்லி அனுப்பியிருந்தார். கோட்டுப் பொத்தான் ஒன்றில் நூலைக் கோத்து, அதைப் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே வைத்து வாயை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் நூலை இழுக்க வேண்டும். பொத்தானை நழுவ விடக் கூடாது. தினமும் காலையில் சமையலறையில் அக்கா இழுப்பாள். அது உடனே வெளியே வந்து விழும். ஒரு நாள் அக்கா நூலை விட்டுவிட, பொத்தான் உருண்டுபோய்க் குழந்தையின் காலடியில் விழுந்தது. குழந்தை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தது. "நான் இழுக்கட்டா?" என்று கேட்டது.

அன்று முதல் நூல் அதன் கையில். பிடுங்கிவிட்டால் கைதட்டிச் சிரிக்கும். நான்கு மாதம் போனதும் எவ்வளவு இழுத்தாலும் பிடுங்க முடியவில்லை. ஐந்தாவது மாதம் 'பாப்பா' வந்தது, கொஞ்சம் கொழகொழவென்று.

பிறகு டிப்போவுக்கு வந்தார். மேனேஜர் நல்ல மனிதர். ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாகச் சொன்னார். மாமா ஒவ்வொரு சொல்லாக, மெல்லக் கேட்டார்: "நான் வாயாலயா சார் வண்டி ஓட்டினேன்?"

மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தானே அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொன்னார். இறங்கியதும், "நாளையிலேருந்து உங்க பழைய ரூட்டையே எடுத்துக்குங்க" என்றார்.

முதல் நாள், முன் இருக்கைக்கு வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் போனார்கள். அவர் கவனிக்காமல் இல்லை. ஆனால் வண்டி ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை. ஒரு மாதத்தில் அவர்களுக்கும் பழகிவிட்டது.

காயம் எப்படிப் பட்டது என்று யார் கேட்டாலும், "ரோட்டுல போனேன், பட்டுச்சு" என்பதோடு சரி. அடுத்த வருடம் ஒரு கொத்தனார் வீடு தேடி வந்தார். லாரியில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன சிப்பாய் அவர். அன்றுதான் எங்களுக்கு முழுக்கதையும் தெரிந்தது.

"மலை மேல நாப்பது பேரும்மா" என்றார் அக்காவிடம். "முந்தின நாள் போன வண்டி போய்ச் சேரல. சொட்டுத் தண்ணி கிடையாது அவங்களுக்கு. இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கு, எங்க பக்கத்துலயே ஷெல் விழுந்துச்சு. இவருக்குத் தாடை தொங்குது. டேங்க்ல நாலு ஓட்டை. திரும்பிடலாம்னு நான் கத்துறேன். இவரு கீழ இறங்கி, சட்டையைக் கிழிச்சு, பையில இருந்த சோப்பை நசுக்கி அதுல வச்சு, ஒவ்வொரு ஓட்டையா அடைக்கிறாரு. அப்புறம் துண்டால தாடையை இறுக்கிக் கட்டிக்கிட்டு ஏறி உட்கார்ந்தாரு. பேச்சு வரல, கையை மட்டும் முன்னால காட்டினாரு. பாதிக்கு மேல தண்ணி போய்ச் சேர்ந்துச்சும்மா. வண்டியை நிறுத்தி பிரேக் போட்டப்புறம்தான் மயங்கி விழுந்தாரு."

அக்கா மாமா பக்கம் திரும்பினாள். "ஏங்க, அந்த நிலைமையில திரும்பி வந்திருக்கக் கூடாதா?"

மாமா சுவரைப் பார்த்தார். "சின்ன ரோடு. வண்டி திருப்ப இடம் இல்ல."

"பொய்யும்மா" என்றார் கொத்தனார். "அந்த இடத்துல மூணு லாரியைச் சேர்த்துத் திருப்பலாம்."

மாமா எழுந்து காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டார். "எனக்கு மதியம் டூட்டி. நீங்க சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கொத்தனாரின் தோளில் தட்டிவிட்டுப் படியிறங்கினார்.