நனையாத முகூர்த்தம்

எங்கள் உப்பளத்துக் குடும்பங்களில் கல்யாணம் என்றால் ஐப்பசி, இல்லாவிட்டால் கார்த்திகை. மழை இறங்கிவிட்டால் உப்புப் பாத்தியில் வேலை இல்லை, ஊரே ஓய்வாக வந்து உட்கார்ந்து சாப்பிடும். பந்தல் ஒழுகும், சாம்பாரில் மழைத்தண்ணீர் விழும், மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு வருவார். என் அக்கா கல்யாணத்தில் பந்தலே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. என் கல்யாணம் நனையக் கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

நான் முடிவு செய்தால் செய்ததுதான். 2006-இல் வானூர் பக்கம் வரன் அமைந்தபோது கையில் ஆதாரமும் இருந்தது. புதுச்சேரியில் வரைபடம் தயாரிக்கும் ஒரு சின்ன ஆபீசில் எனக்கு வேலை. சுனாமிக்குப் பிறகு கடலோரத்தை வரைகிற வேலை அங்கே குவிந்து கிடந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள். பழைய வருடங்களின் மழையை வரைபடத்தின் மேல் விரித்துக் காட்டும். கீழே இருக்கும் பட்டையை மவுஸால் இழுத்தால் வாரங்களும் வருடங்களும் ஓடும். மழை பெய்த வாரம் நீலம், காய்ந்த வாரம் மஞ்சள். மதியச் சாப்பாட்டை முடித்ததும் எங்கள் ஊர் மரக்காணம் இருக்கும் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அக்னி நட்சத்திரம் முடிகிற வாரம் எந்த வருடத்தைப் பார்த்தாலும் மஞ்சள். அந்த வாரத்தில் நல்ல முகூர்த்தமும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் விவசாயிகள், வைகாசி அவர்களுக்கும் வசதிதான்.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. “உப்பு சீசன்ல வெச்சா யாருடி வருவாங்க?” என்றாள். பாத்தியில் அவளோடு உப்பு வாரும் பெண்கள்தான் அவளுக்குச் சொந்தம் எல்லாம். அவர்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஆபீசுக்கே கூட்டிப்போனேன். திரையை வெகுநேரம் பார்த்தாள். “இந்த மஞ்சள் பூரா உப்பு நல்லா வெளஞ்சதா?”

“உப்பு இல்லம்மா, மழை இல்லாத வாரம்.”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

கார்த்திகையை ஓட்டிக் காட்டினேன். நீலம், மறுபடி நீலம். அக்கா கல்யாணம் அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். “சரி, ஒன் இஷ்டம்” என்று எழுந்துவிட்டாள்.

பத்திரிகை கொடுக்க அம்மாவோடு உப்பளத்துக்குப் போனேன். அந்தப் பெண்கள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். “நல்லா இருடி கண்ணு, பாக்கலாம்” என்றார்கள். எங்கள் பக்கம் ‘பார்க்கலாம்’ என்றால் வரமாட்டார்கள் என்று அர்த்தம். உப்பு வாரும் நேரத்தில் ஒரு நாள் நின்றால் கூலி போகும், மேஸ்திரி முகமும் கோணும். திரும்பும் வழியில் “வராட்டி போகட்டும்மா” என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் இல்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, பட்டப்பகலில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சாயங்காலம் வரை கொட்டித் தீர்த்தது. வரைபடம் போன வருடங்களைத்தான் சொல்லும், இந்த வருடத்தைச் சொல்லாது என்று ஆபீசில் மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவளே நான்தான்! பாத்திகளில் விளைந்திருந்த உப்பெல்லாம் கரைந்து போனது. இனி தண்ணீரை வடித்து, தரையை மிதித்துக் கெட்டியாக்கி, உப்புத் தண்ணீரைப் புதிதாகப் பாய்ச்ச வேண்டும். எத்தனையோ நாளைக்கு வாருவதற்கு ஒன்றும் இல்லை.

முகூர்த்தத்தன்று வெயில் பளீரென்று அடித்தது. பந்தலில் ஒரு சொட்டு விழவில்லை. அந்த மட்டில் நான் சொன்னதுதான் நடந்தது.

மணவறையில் நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசை முழுக்க அவர்கள். தலைக்குக் குளித்து, பட்டுக் கட்டி, பூ வைத்து, பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் என் கன்னத்தைப் பிடித்துச் சொன்னார்: “உண்மையச் சொல்றேன் கண்ணு, மழ பெய்யலன்னா வந்திருக்கவே மாட்டோம்.” எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாலி கட்டும்போது அழாதவள் அப்போது அழுதேன்.

அம்மா பந்திக்கும் பந்தலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். மாலையைச் சரிசெய்யும் சாக்கில் என் பக்கத்தில் வந்து, “பாத்தியா, ஒருத்தர் பாக்கி இல்லாம வந்துட்டாங்க” என்றாள். அவளுக்கும்தான் நாளைக்கு வேலை இல்லை. அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை.