போனில் பதிந்த ஒரு சொல்

போன வருஷம் புரட்டாசி. புதூர் பக்கம் எங்க கரிசல் காட்டில் நடந்தது.

நாங்க மழைக்கு முந்தியே விதைச்சிருவோம். உளுந்தைப் புழுதியில் போட்டு மூடிட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டு இருப்போம். முளைக்கிற வரைக்கும், பார்க்கிறவுக கண்ணுக்கு அது வெறுங்காடுதான்.

விதைச்ச நாலாம் நாள், பயிர்க் கணக்கெடுக்க ஒரு காலேஜ் பொண்ணு போனோட வந்துச்சு. நல்ல வெயில். தண்ணி கொடுத்தேன். என்ன போட்டிருக்கீங்க ஐயான்னு கேட்டுச்சு.

முளை தெரியுமுன்னே பயிர் பேரை வாயால் சொல்லக்கூடாதுன்னு எங்க அப்பா சொல்லுவாரு. எனக்கும் அதே பழக்கம். "மழை பெய்யட்டும் தாயி, பார்ப்போம்"ன்னேன்.

"அப்போ ஃபேலோன்னு போட்டுக்கிறேன் ஐயா."

நான் படிச்சது அஞ்சாப்பு. அர்த்தம் தெரியாது. கேட்க வெட்கம். தலையாட்டினேன். காட்டைப் போட்டோ எடுத்துட்டுப் போயிருச்சு.

மழை பெய்ஞ்சுது. உளுந்து நல்லா வந்துச்சு. காய் பிடிச்ச நேரம், மார்கழியில் மூணு நாள் அடைமழை. அத்தனையும் தண்ணிக்குள்ள நின்னு அழுகிப்போச்சு.

நிவாரணப் பட்டியலில் பக்கத்துக் காட்டுக்காரர் பேர் இருந்துச்சு. என் பேர் இல்லை. ஆபீசில் போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாங்க. என் வெறுங்காட்டுப் படம். பக்கத்தில் அதே சொல்லு.

"ஃபேலோ, தரிசுன்னு இருக்கே அண்ணாச்சி. விதைக்காத நிலத்துல என்ன அழிஞ்சுது?"

அழுகின செடியைப் பையில் கொண்டு போயிருந்தேன். வெளியே எடுக்கலை.

வீட்டில் சொன்னேன். "அன்னைக்கு வாயத் தொறந்து உளுந்துன்னு சொல்லியிருந்தா முத்தா உதிர்ந்திருக்கும்?"ன்னா என் சம்சாரம்.

மனசு கேட்காம, ஊரில் இருக்கிற இங்கிலீஷ் வாத்தியார்ட்ட போனேன். தடிப் புத்தகம் ஒண்ணை எடுத்துப் பார்த்தார். வெள்ளைக்காரன் ஊரில் ஆதியில் அந்தச் சொல்லு உழுது போட்ட நிலத்துக்குத்தான் இருந்துச்சாம். பயிரில்லாமச் சும்மா கிடக்கிற நிலத்துக்கு ஆனது பிறகுதானாம். இப்போ வேலையத்து இருக்கிற மனுசனுக்கும் சொல்லுவாகளாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கலை.

நாலு தடவை உழுத காடு அது.

அந்த நிவாரணத்தில்தான் இந்த வருஷம் விதை வாங்கணும்னு இருந்தேன். வாங்க வழியில்லை. புரட்டாசி போயிருச்சு. சுத்திலும் பச்சை. என் காடு மட்டும் கருப்பாக் கிடக்கு.

அந்தப் பொண்ணு மேல தப்பில்லை. கண்ணுக்குத் தெரிஞ்சதைப் போட்டுச்சு. அன்னைக்கு அந்தச் சொல்லு பொய், ஒரு வார்த்தையில் மாத்தியிருக்கலாம். இன்னைக்கு அது நிசம், அர்த்தம் தெரிஞ்சும் என்னால மாத்த முடியலை.