நடுக்கத்துக்கு எத்தனை சொல்

தமிழ் படிப்பித்தே தலை நரைத்தவள் நான். ஓய்வு எடுத்த பிறகும் சும்மா இருக்க மனம் வரவில்லை. 'நடுங்கு' என்ற சொல்லின் பூர்வீகத்தைத் தேடக் கிளம்பினேன். பழந்தமிழில் பனித்தல் என்றாலும் நடுங்குதல்தான், விதிர்த்தல் என்றாலும் அதுதான். எங்கள் ஊர்ச் சனமோ உதறுது, பதறுது, வெடவெடக்குது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லும். நடுக்கம் குளிரில் பிறந்த சொல்லா, பயத்தில் பிறந்த சொல்லா? இதைக் கொப்பியில் எழுதிவிட்டு நிமிர்ந்தால், எதிரே கதிரையில் இருந்த என் வீட்டுக்காரரின் வலது கை மடியில் கிடந்தபடியே ஆடுகிறது.

அடுத்த நாளே கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குக் கூட்டிப்போனேன். நரம்பு வருத்தம், முற்றாக மாறாது, ஆனால் குளிசை போட்டால் கட்டுப்படும், போடாவிட்டால் கூடிக்கொண்டே போகும் என்றார் டொக்டர். மனிதர் குளிசையை வாங்கிச் சேர்ட் பொக்கட்டுக்குள் வைத்தார். வைத்தது வைத்ததுதான். கேட்டால் "நாளைக்குப் போடுறன்". எத்தனை நாளைக்கு ஐயா இந்த நாளைக்கு? கோபத்தில் ஒருநாள் பொக்கட்டைப் பார்க்காமலே சேர்ட்டைத் துவைத்துவிட்டேன். மறுகா, கோபம் ஆறின பிறகு, நானே போய்ப் புதிதாக வாங்கி வந்தேன், என் தலையெழுத்து.

அதற்குள் வைகாசிச் சடங்கு வந்துவிட்டது. அம்மன் கோயிலில் உடுக்கும் பறையும் முழங்க, தெய்வம் ஆடுகிறவர்களுக்கு உடம்பு நடுங்கும். உரு வந்துவிட்டது என்போம். அவர்கள் சொல்வது அம்மன் வாக்கு. இவர் பாட்டுக்கு ஓர் ஓரமாக நின்றார். கை வழக்கம்போல ஆடியது. இவருடைய தங்கச்சி கண்டுவிட்டாள்.

"அண்ணனுக்கு உரு வந்திட்டுது!"

வேப்பிலையைக் கையில் திணித்தாள். யாரோ மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். "அது வருத்தம், விடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பறைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இவராவது வாயைத் திறந்து இல்லை என்றாரா? கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றார்.

அதோடு என் வீடு கோயிலாகிவிட்டது. அதுவரை இவரை ஏன் என்றும் கேட்காத சனம், வாழைப்பழச் சீப்போடு வாக்குக் கேட்க வந்தது. மாடு காணாமல் போனவர், கட்டார் விசாவுக்குக் காத்திருப்பவர், எல்லாருக்கும் இவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "நல்லது நடக்கும்." எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இஞ்சாருங்க, ஊருக்கெல்லாம் வாக்குச் சொல்ற அம்மன், குளிசையைப் போடு எண்டு உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாவா?"

"சும்மா கரைச்சல் தராத."

ஒரு காலையில் அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கும் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து இவர் முன்னால் இருந்தாள். "ஐயா, புள்ளைக்கு இதயத்தில ஓட்டையாம். ஒப்பரேசன் செய்யணும் எண்டு டொக்டர் சொல்றார். எனக்குப் பயமா இரிக்கி. அம்மன் வேணாம் எண்டா நான் போக மாட்டன்."

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. 'நல்லது நடக்கும்' வரப்போகிறது, வந்தால் இன்றைக்கு இந்த வீட்டில் கொலை விழும் என்று பல்லைக் கடித்தேன்.

இவர் குழந்தையையே பார்த்தார்.

"டொக்டர் சொன்னபடி செய், மகள்."

"அம்மன்ட வாக்கா ஐயா?"

"இல்ல. அம்மன் எனக்கு வரல்ல, ஒருநாளும் வரல்ல. இது நரம்பு வருத்தம். எனக்கும் பயம்தான் மகள். குளிசையைப் போட்டா வருத்தம் எண்டு ஆயிருமே. அதான் போடாம இரிக்கன்."

கட்டிக்கொண்ட எனக்குச் சொல்லாததை முன்பின் பழகாத ஒருத்திக்குச் சொல்கிறார்! கொப்பியில் நான் எழுதிவைத்த கேள்விக்கு இப்படியா பதில் வரவேண்டும்? எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அவள் எழும்பவில்லை.

"அப்ப இப்ப போடுங்க ஐயா. நான் பாக்கணும்."

இவர் பொக்கட்டில் இருந்து எடுத்தார். விரல்களால் குளிசை உறையைப் பிரிக்க ஏலவில்லை. நான் பிரித்துக் கொடுத்தேன், தண்ணீரும் கொடுத்தேன். பாதித் தண்ணீர் நெஞ்சில் வழிந்தது. தொண்டையில் இறங்கும்வரை அவள் கண் எடுக்கவில்லை.

பிறகு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

"டவுனுக்கு இப்ப பஸ் இரிக்கா, டீச்சர்?"