மஸ்கட்டுக்குப் போன டிவிடி

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது சித்திதான். அம்மாவின் தங்கை. திருவனந்தபுரத்தில் படித்து, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கோடை விடுமுறைக்கு வரும்போது பழைய பெட்டி ஒன்றையும் பஸ்ஸில் ஏற்றி வந்துவிட்டாள். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இருந்தது. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் பள்ளிக்கூடங்களில் எல்லாம் அதுதான் என்றாள். தக்கலையைச் சுற்றி யாருக்கும் அது தெரியாது. அதனால் பெட்டி முரண்டு பிடித்தால் சித்தி அதன் முன்னால், காய்ச்சல்காரப் பிள்ளையின் பக்கத்தில் இருப்பதுபோல, பேசாமல் உட்கார்ந்திருப்பாள். நானும் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா மஸ்கட்டில் இருந்தார். தங்கை பிறந்து, முதல்முதலாகச் சோறு ஊட்டும் சோறு கொடுப்பும் முடிந்துவிட்டது. அப்பா அவளைப் பார்த்ததில்லை. சோறு கொடுத்த அன்று சித்தி இரவல் கேமரா வாங்கி எல்லாவற்றையும் பிடித்திருந்தாள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக அப்பாவிடம் பேசுவதுபோல கேமராவிடம் பேசினார்கள். நான் கதவுத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இன்றைக்கும் நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. கடைசியில், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, சித்தி மட்டும் நின்றபோது வெளியே வந்து, "அப்பா, எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீங்க வந்தா போரும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். படத்தின் முடிவு அதுதான்.

சித்தி அதையெல்லாம் வெட்டி ஒட்டி டிஸ்க் இமேஜ் ஆக்கினாள். ஒரு டிவிடியில் என்னென்ன எப்படி எப்படி இருக்குமோ, அப்படியே கட்டிவைத்த ஒரே கோப்பு. அதை டிவிடியில் எழுதினால் போதும். மஸ்கட்டில் வேலைபார்த்த பக்கத்து வீட்டு மாமாவுக்கு லீவு முடிந்து, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கார். அவர் பையில் வைக்காவிட்டால் அடுத்து யார் போவார்கள் என்று தெரியாது.

காலையில் முதல் டிவிடியை எழுதி, டிவியோடு இருந்த பிளேயரில் போட்டோம். திரை நீலமாகவே இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் அந்த ஒரே கோப்பு மட்டும் உள்ளே கிடந்தது. இமேஜாக எழுதச் சொல்லாமல், சாதாரணக் கோப்பாக நகல் எடுக்கச் சொல்லிவிட்டாள் சித்தி.

"பலாப்பழத்த உரிக்காம முழுசா தட்டுல வச்சுக் குடுத்தாச்சு" என்று தன்னையே சொல்லிச் சிரித்தாள்.

"அப்பம் அவிய அங்க உரிச்சுக்கிட மாட்டாவளா?" என்றாள் அம்மா.

"அத்தானுக்கு இங்க இருக்கும்பமே உரிக்கத் தெரியாதுல்லா."

அடுத்ததை வைத்தபோது, டிரைவ் வேறு வேலையில் இருக்கிறது என்று காட்டி எழுத மறுத்தது. வெறும் டிவிடியை உள்ளே தள்ளியதும் லினக்ஸ் தானாகவே அதைத் திறந்து ஜன்னல் காட்டிக்கொண்டு நின்றது. அதை மூடிவிட்டு எழுதினால் பாதியில் நின்றது. சித்தி கறுப்புத் திரையில் எதையோ தட்டிப் படித்தாள். அவசரத்தில் மிக வேகமாக எழுதச் சொன்னதுதான் தப்பாம்.

"பைய எழுதட்டு. நமக்குத்தான் அவசரம், அதுக்கென்ன" என்றாள்.

வீணாய்ப் போனதை என்னிடம் தந்தாள். அதன் அடியில் எழுதிய இடம் வரைக்கும் வேறு நிறம். வயலில் தண்ணீர் பாய்ந்த இடமும் பாயாத இடமும்போல. வெயிலில் திருப்பினேன். சுவரெல்லாம் நிறங்கள் நீந்தின. தங்கை தொட்டிலில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே எங்கோ அவளும் நானும் ரொம்பச் சின்னதாக, வாய் திறந்தபடி இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மிச்சம் ஒரு டிவிடி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை கிடையாது. அதை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு, ஒரு வாய் சோறு தின்ன அடுக்களைக்குப் போனாள் சித்தி. அந்நேரம் அம்மா நிழல்தாங்கலில் இருந்து வந்தாள். எங்கள் அய்யாவழிக்காரர்களின் சிறு கோயில் அது. அங்கே சிலை கிடையாது. கண்ணாடி முன்னால்தான் நின்று கும்பிடுவோம். புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும் அம்மா வெள்ளை மண் தொட்டு நாமம் வைப்பாள். தையல் மிஷினுக்கும் வைத்தாள், கேஸ் அடுப்புக்கும் வைத்தாள்.

அம்மா டிவிடியைக் கையில் எடுத்தாள். பளபளப்பான பக்கத்தில் அவள் முகம் தெரிந்தது. அவளுக்கு அதுதானே முகப்பு. ஓரத்தில் விரலால் மெல்ல நாமம் இழுத்து, "அய்யா உண்டு" என்றாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பெட்டிக்குள் மண் உதிரக்கூடாது என்று முந்தானையால் அழுத்தித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தங்கையைக் குளிப்பாட்டப் போனாள்.

சித்தி வந்து பைய எழுதவிட்டாள். பெட்டி தூங்குபவர் மூச்சுபோல ஒரே சீராக இரைந்தது. முற்றத்தில் காற்று அடங்கித் தென்னோலை அசையவில்லை. நானும் பாதி தூங்கினேன். விழித்தபோது எழுதி முடிந்து, சரிபார்ப்பு ஓடிக்கொண்டிருந்தது. இமேஜுக்கு ஒரு நீள எண், டிவிடிக்கு ஒரு நீள எண். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லை.

பிளேயரில் போட்டோம். தங்கை சோற்றைத் துப்பினாள். உறவுக்காரர்கள் வரிசையாகப் பேசினார்கள். கதவுத் திரை வந்தது. அது அசைந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப வைத்தும் அதே இடம்.

சித்தி டிவிடியை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். டிவிடியில் உள்ளிருந்து வெளியே எழுதிக்கொண்டு போகும். எங்கள் படம் டிவிடி முழுக்க நிறைந்ததால் முடிவு ஓரத்தில் இருக்கும். அந்த ஓரத்தில் முடிபோலக் கீறல்கள்.

"அம்மா நாமம் வச்சாளா மக்கா?"

தலையாட்டினேன்.

வெளியே கார் ஹார்ன் அடித்தது. அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள். "சரியாச்சாட்டி?"

"சரியாச்சு" என்றாள் சித்தி. உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். அம்மா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். "நீ அம்மாட்ட ஒண்ணும் பேசாண்டாம், கேட்டியா" என்றாள் சித்தி. பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா போன் செய்தார். அம்மா கேட்பதற்கு முன்னாலேயே, "பூரா பாத்தேன். பிள்ள உன்ன மாதிரியே இருக்கா" என்றாராம். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். சித்தி போனை வாங்கினாள்.

"கடைசில மூத்தவ பேசுனதும் கேட்டுதா அத்தான்?"

சித்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு, "கேட்டுதா? நல்லது" என்று போனை என் காதில் வைத்தாள்.

"கடைசி வரைக்கும் பாத்தேன் மக்கா" என்றார் அப்பா. "நல்லாப் பேசியிருக்க."

சித்தி அன்று மாலை வெகுநேரம் அணைத்துவைத்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தன் பெட்டியால் முடியாததை அங்கே ஒரு பெட்டி செய்துவிட்டதே என்று வருத்தப்படுகிறாள் என நினைத்தேன். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. மஸ்கட்டில் உள்ள பிளேயர்கள் தட்டில் எழுதாததையும் படித்துக் காட்டும் என்று, வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவளும் நம்பினாள்.