ஆண்கள் கழிவறையில் ஒரு கூடை

பட்டறையில் அவருக்குப் பெயர் சவுண்டு. எல்லா லேத்தும் சேர்ந்து ஓடினாலும் அவர் சிரிப்பு தனியாகக் கேட்கும், ஆபீஸ் ஜன்னல் வரை போகும். அப்படிப்பட்ட மனுஷன் நீண்ட லீவு முடிந்து திரும்பியபோது வாய்ப்பூட்டு போட்டவர் போல இருந்தார்.

"குடலிறக்கம், ஆபரேஷன்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். பொய். வந்தது புராஸ்டேட் புற்றுநோய். சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். நோய் போய்விட்டது என்றார் டாக்டர். போன நோய் சிறுநீரை அடக்கும் சக்தியையும் கையோடு கொண்டுபோயிருந்தது. தும்மினால் சொட்டும், பாரம் தூக்கினால் சொட்டும், சிரித்தால் கேட்கவே வேண்டாம். வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்று எவனோ சொல்லி வைத்தானே, அவனுக்கு இந்த நோய் வந்திருக்காது.

அதனால் சிரிப்பை நிறுத்தினார். பேன்ட்டுக்குள் பேட் வைத்தார். வீட்டில் மனைவிக்கு முதுகைக் காட்டிப் படுத்தார். இனி நான் என்ன ஆம்பளை என்று சுவரைக் கேட்டார். சுவர் என்ன சொல்லும்?

பேட் மாற்றுவதுதான் பெரும்பாடு. பெண்கள் கழிவறையில் மூடி போட்ட கூடை உண்டு. ஆண்கள் பக்கம் ஒரு ஓட்டை வாளிகூடக் கிடையாது. கழற்றியதைப் பேப்பரில் இறுகச் சுற்றி, சாப்பாட்டுப் பையின் ஓரத்தில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அந்தப் பைக்கு ஒரு பங்காளி இருந்தான். பக்கத்து லேத்தில் நிற்கும் மச்சினன். அக்கா சமையலில் தனக்கும் பாத்தியதை உண்டென்று கேட்காமலே பைக்குள் கையை விடுவான். ஒரு மதியம் அந்தப் பொட்டலத்தை உருவினான்.

"என்ன மாமா, அக்கா எனக்குத் தெரியாம உங்களுக்குத் தனியா கட்டிக் குடுத்திருக்கா போல!"

பிரித்தும் விட்டான். சாப்பாட்டு மேசையின் நடுவே நனைந்த பேட். எவனோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். சவுண்டு பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்த பிறகு சொன்னார்.

"இனி நான் வேலைக்குப் போகல."

அவர் மனைவி துணி தைக்கும் கம்பெனியில் மெஷின் மிதிப்பவர். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"முப்பது வருஷம் மாசாமாசம் நானும் இதை வச்சுக்கிட்டுத்தான் மெஷின்ல உக்காந்தேன். ஒரு நாளாவது வேலைய விடறேன்னேனா? உங்களுக்கு வந்தா மட்டும் உலகமே இடிஞ்சு விழுந்துடுமா?"

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று சுவர்ப்பக்கம் திரும்பாமல் மனைவி பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் மூடி போட்ட சிவப்புக் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பட்டறையின் நட்டநடுவே நடந்தார். ஆண்கள் கழிவறையில் வைத்துவிட்டு வெளியே வந்தால், எதிரே ஃபோர்மேன்.

"என்னண்ணே இது? பொம்பளைங்க சமாச்சாரத்த ஆம்பளைங்க கக்கூஸ்ல கொண்டாந்து வைக்கிறீங்க? எடுங்க மொதல்ல."

மச்சினன் தன் லேத்தை நிறுத்தினான். ஒவ்வொன்றாக மற்றவையும் நின்றன. இனிமேல் கத்தவே தேவையில்லை. இருந்தாலும் சவுண்டு கத்தினார்.

"குடலிறக்கம்னு சொன்னது பொய். எனக்கு வந்தது புராஸ்டேட் கேன்சர். அந்தச் சுரப்பி பொம்பளைங்களுக்குக் கிடையவே கிடையாது, ஆம்பளைக்குத்தான் உண்டு. இதைவிட ஆம்பள சமாச்சாரம் வேற என்னய்யா வேணும் உங்களுக்கு? கூடை இங்கதான் இருக்கும். தூக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்குங்க!"

கத்திய கத்தலில் சொட்டியது. அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஃபோர்மேன்தான் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தார்.

மதியம் பேட் மாற்றப் போனார். மூடியைத் திறந்தார். உள்ளே ஏற்கெனவே ஒரு பொட்டலம் கிடந்தது. அவர் சுற்றுவது போலவே, பேப்பரில் இறுகச் சுற்றி.

யாருடையது என்று அவர் ஆராயவில்லை. வெளியே வந்து, லேத்துகளின் மேல் குனிந்திருந்த தலைகளைப் பார்த்தார். இதில் ஒருத்தன் இத்தனை நாளும் தன்னைப் போலவே சாப்பாட்டுப் பையில் ஒளித்துச் சுமந்திருக்கிறான். நேற்று அந்த மேசையில் அவனும் உட்கார்ந்திருப்பான், பாவி, வெலவெலத்துப்போயிருப்பான்.

அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அவர் அடக்கவில்லை. அது ஆபீஸ் ஜன்னல் வரை போனது. நனைந்தது. நனையட்டும், அதற்குத்தானே கூடை!