சந்தனம் பூசிய பேட்டரி

பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுக்கடைகள் நிறைந்த தெருவில், நான் ஏறிய ஷேர் ஆட்டோ கிளம்ப மறுக்கிறது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து சீட்டில் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா முகூர்த்தப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு தவிக்கிறார். நல்ல நேரம் முடிவதற்குள் புடவை செவிலிமேட்டு மண்டபத்துக்குப் போயாக வேண்டும்.

"காலையிலதான் கோயில்ல பூஜ போட்டேன். அதுக்குள்ள கண்ணு பட்டுடுச்சுமா!" என்று புலம்புகிறார் டிரைவர்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது மின் பொறியியல். சும்மா உட்கார முடியுமா?

"அண்ணா, ஹெட்லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்புங்க."

விளக்கு பளிச்சென்று எரிகிறது. சாவி திரும்பியதும் அணைகிறது, விட்டதும் மறுபடி எரிகிறது. பேட்டரி தீர்ந்திருந்தால் முதலிலேயே மங்கியிருக்கும். கோளாறு இணைப்பில்தான்!

சீட்டைத் தூக்குகிறோம். பூவும் பொட்டுமாக, மாப்பிள்ளை போல உட்கார்ந்திருக்கிறது பேட்டரி.

"டெர்மினல்லயும் சந்தனம் வச்சீங்களா?"

"கிளாம்ப கயட்டி, நல்லா பூசித்தாம்மா மாட்டினேன். கரண்டு வர்ற எடமாச்சே!"

சிரித்துக்கொண்டே, காய்ந்துபோய்க் கரண்டை மறித்த சந்தனத்தைச் சுரண்டித் துடைக்கிறேன். அவர் கிளாம்பை இறுக்குகிறார். சாவி திரும்புகிறது. ஆட்டோ உறுமுகிறது! தெருவே திரும்பிப் பார்க்க நான் கத்துகிறேன்.

"மீதி சந்தனம் இருக்குதேமா, இத இன்னா பண்றது?" என்று கிண்ணத்தை நீட்டுகிறார் டிரைவர்.

புடவைக்கார அம்மா அதை வாங்கி, பேட்டரிக்கு இருந்ததைவிடப் பெரிய பொட்டாக என் நெற்றியில் வைக்கிறார்.