பூட்டுவதற்கு முன் ஒரு குரல்

அடுப்புக் கரி வாசமும் புத்தகம் ஒட்டுகிற பசை வாசமும் ஒன்றாய்க் கலந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த வாசம் எங்கேயாவது மூக்கில் பட்டால் இந்த வயதிலும் என் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

ராஜபாளையத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த கிளை நூலகம் ஒரு வாடகை வீட்டில் நடந்தது. முன்கூடத்தில் நீள மேசை போட்டிருக்கும். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த ஆண்கள் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாய் வைத்து வாசிப்பார்கள். சிறுவர் புத்தக அலமாரிக்கு அங்கே இடமில்லாததால் அதைப் பின்னால் அடுப்படியில் வைத்திருந்தார்கள். அடுப்பை இடித்துவிட்டாலும் சுவரில் கரி அப்படியேதான் இருந்தது. ஆண்கள் நடுவே உட்காரக் கூச்சப்பட்டு, தலையைக் குனிந்தபடி ஓடிப்போய் அந்த அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் நான் ஒடுங்கிக்கொள்வேன். முன்பு குடியிருந்த பெண் ஒருத்தி அங்கே செத்துப்போனாள், அதனால்தான் வேறு யாரும் குடிவராமல் வீட்டை நூலகத்துக்கு விட்டார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. படிக்கும்போது அதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

அஞ்சாம் வகுப்பு முடிந்து, இனிப் பள்ளிக்கூடம் இல்லை என்று ஆகிவிட்ட கோடை அது. நூலகத்துக்கு மட்டும் அம்மா விட்டாள், ஒரு கண்டிப்போடு. "மத்தியானச் சங்கு ஊதும்போது நீ வீட்டுல இருக்கணும். ஒரு நாள் பிந்துனியோ, அன்னையோட லைப்ரரியும் கிடையாது, பொஸ்தகமும் கிடையாது." மில்லில் ஊதுகிற சங்கைத்தான் சொன்னாள். எனக்கென்று மிச்சமிருந்தது அந்த நூலகம் ஒன்றுதான்.

ஒரு நாள் கதைக்குள் மூழ்கிக் கிடந்தபோது தாழ்ப்பாள் சத்தமும் பூட்டுச் சத்தமும் கேட்டன. "லைப்ரரி சார்" என்று நாங்கள் கூப்பிடும் நூலகர் மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அடுப்படியில் ஒரு பெண்பிள்ளை இருப்பாள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. கூடத்துக்கு ஓடினேன்; ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தபோது எதிரே "அமைதி காக்கவும்" என்ற பலகை. சிரிக்காதீர்கள். சத்தம் போட்ட பெரிய ஆளையே சார் வெளியே அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். கத்தினால் என் உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிவிடுவார். கத்தாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது.

அடுப்படிக்கே திரும்பி, முக்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வைத்து ஏறி, புகை போவதற்கு விட்டிருந்த சந்தில் வாயை வைத்தேன். தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டு அத்தை கொல்லையில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். "அத்தே... அத்தே..." என்று, நூலகத்தில் பேசுகிற அளவுக்குத்தான் கூப்பிட்டேன்.

அவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். பிறகு பூட்டிய வீட்டைப் பார்த்தார். "அம்மோ! உள்ள ஒரு பொம்பளை கூப்பிடுதா!" என்று முறத்தைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். "செத்தவ கூப்பிடுதா, வந்து கேளுங்க!"

அந்தப் பொம்பளை நான்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. எனக்குப் பின்னால்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், கரிச் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பலகையையும் மறந்து, "யம்மா!" என்று அலறினேன்.

சார் எச்சில் கையோடு ஓடிவந்து திறந்தார். முகமெல்லாம் கரியாக நான் வெளியே வந்ததைப் பார்த்து அத்தை இன்னொரு தரம் கத்தினார்.

"ஏம்மா, பூட்டும்போதே ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா?" என்றார் சார். நான் பலகையைக் காட்டினேன். தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். "சங்கு ஊதி எம்புட்டு நேரமாச்சு! போதும் தாயி, இன்னையோட..." என்று தொடங்கியவளைச் சார் மறித்தார். "தப்பு எம்மேல. நான் எழுதி மாட்டுனதுக்குப் பிள்ளை கட்டுப்பட்டுருக்கு. இனி கூப்பிட்டுப் பாத்துட்டுத்தான் பூட்டுவேன். பிள்ளைய அனுப்புங்கம்மா."

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தபடி, "மூஞ்சியப் பாரு, இதுக்குப் பேயே தேவல" என்றாள். மறுநாளும் விட்டாள்.

அன்றிலிருந்து சார் அடுப்படி வாசலில் நின்று, "உள்ள யாரும் இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் பூட்டுவார். கேட்டதும் எழுந்து வந்துவிடுவேனே தவிர, "இருக்கேன்" என்று வாய் திறந்து ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டு, வயதான பிறகு மகளோடு இருக்கத் திரும்பி வந்தபோது அந்த வீடு இல்லை. நூலகம் சொந்தக் கட்டடத்துக்குப் போயிருந்தது. சார் எப்போதோ காலமாகிவிட்டார். பின்னால் வந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே பூட்டுமுன் அதே கேள்வியைக் கேட்டு வந்தார்கள். இப்போது கேமரா வைத்துவிட்டார்கள், கேட்பது நின்றுபோனது. மதியச் சங்கும் ஊதுவதில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்கள் நடுவே போய் உட்கார்ந்து படிக்கிற எனக்குத்தான் பூட்டும் நேரம் நெருங்க நெருங்க எழுத்து ஓடாது. காதெல்லாம் சாவிக்கொத்து மேல் இருக்கும்.

போன வாரம் சாவி குலுங்கியதும் என்னை அறியாமல் குரல் வந்துவிட்டது. "ஏட்டி, நான் இருக்கேன்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நூலகராக இருக்கும் சின்னப் பெண் சிரித்தாள். "தெரியும் ஆச்சி. கேமராவுல தெளிவாத் தெரியுதீக."

"தெரியட்டும் தாயி. நானும் ஒரு வார்த்தை சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

மறுநாளும் சொன்னேன்.